ரெஜினாள் வீட்டுப் பகல்

ரெஜினாளின் புருஷன் கஸ்பாரின் வெறும் சவப்பெட்டியைக் கல்லறையில் இறக்கிவிட்டு ஊர் திரும்பிய அன்று சாயங்காலம், சிப்பிமுனையில் எல்லார் வீட்டிலும் இருட்டியது, ரெஜினாள் வீட்டில் மட்டும் இருட்டவில்லை. பெட்டிக்குள் கஸ்பாரின் கல்யாண வேட்டியும் ஒரு ஜெபமாலையும்தான் இருந்தன. ஆளைக் கடல் திருப்பித் தரவில்லை. கோயில் மணி அடித்தது, வீட்டுக்கு வீடு முழந்தாள் போட்டு ஜெபமாலை சொன்னார்கள், மேற்கே உடைமரக் காட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது, அடுப்புகள் புகைந்தன, நாய்கள் தெருமுனையில் வழக்கம்போலக் கூடின. ரெஜினாளின் வேலிக்குள் மட்டும் சூரியன் ஒரு பனை உயரத்தில் நின்றது நின்றபடி நின்றது. வேலிக்கு வெளியே ஒரு காலை வைத்தால் நட்சத்திரம், உள்ளே ஒரு காலை வைத்தால் கண் கூசும் வெயில். ரெஜினாள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள், பிறகு தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தியும் உள்ளே பகலாகத்தான் இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று ஊர் பிற்பாடு நூறு காரணம் சொன்னது. ரெஜினாளுக்கு ஒரே காரணம்தான் தெரியும், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று ஜெபமாலையில் பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டு வரும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொள்ளும் இடம் வந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பொய் வராது. பொறுக்கவில்லை, பொறுக்கப் போவதும் இல்லை, அப்புறம் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? அந்த வரியை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். ஊரில் ஒருவரை ஒருவர் வெட்டுவேன் குத்துவேன் என்று திரிந்தவர்கள் எல்லாம் அந்த வரியை வாய் நிறையச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருட்டில் தூங்கினார்கள்.

பொறுக்க முடியாத ஆள் யார் என்றால் அவளுடைய சொந்தத் தம்பி பிலேந்திரன். தாயும் தகப்பனும் போனபின் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஆளாக்கியவள் அவள்தான். சாயங்கால ஜெபம் முடிந்ததும் வீட்டில் சிறியவர்கள் பெரியவர்கள் முன் கைகூப்பித் தோத்திரம் சொல்வதும், பெரியவர்கள் கட்டைவிரலால் அவர்கள் நெற்றியில் சிலுவை போடுவதும் அந்தக் கடற்கரை வழக்கம். மீசை முளைத்து, வள்ளத்தில் பங்காளியான பிறகும் பிலேந்திரன் தினமும் அக்கா முன்னால் வந்து குனிந்து நின்று நெற்றியைக் காட்டுவான். அவனும் கஸ்பாரும் ஒன்றாகக் கடலுக்குப் போனார்கள், கச்சான் காற்று சீறிய ஒரு நாளில் வலை கடலடிப் பாறையான பாரில் மாட்டியது, கஸ்பார் வலையோடு சிக்கிக் கடலில் விழுந்தான், வள்ளம் சாய்ந்தது, பிலேந்திரன் மட்டும் கரைக்கு வந்தான். "கயித்த அறுத்துட்டேன்க்கா" என்று ஒரு வார்த்தை சொன்னான், அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. ரெஜினாள் மண்ணை வாரி அவன் முகத்தில் எறிந்தாள்.

ஊர் ஒரு வாரம் பயந்தது. பங்குச்சாமியார் இஞ்ஞாசி சாமி தீர்த்தச் செம்போடு வந்து வேலியைச் சுற்றித் தெளித்தார். தெளித்த தண்ணீர் தரையைத் தொடுமுன் உலர்ந்து போனது. சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறைமாவட்டத்து மேற்றிராணியாருக்குத் தெரிவிக்கிறேன் என்று போய்விட்டார், மேற்றிராணியார் வீட்டிலிருந்து இதைப் பற்றிப் பிரசங்கத்தில் பேச வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் ஒருத்தி, ரெஜினாளின் மூத்த அக்கா செலஸ்தீன்தான், பகலில் காய்ந்து முடியாத சாளைக் கருவாட்டை ஒரு பாயில் அள்ளிக்கொண்டு வந்து, "ஒங்க வீட்டு வெயில் சும்மாதான அடிக்கி" என்று முற்றத்தில் விரித்தாள். விடியுமுன் கருவாடு கலகலவென்று காய்ந்திருந்தது. மறுநாள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை.

ஆச்சரியம் என்பது மீன் மாதிரி, இரண்டு நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. சிப்பிமுனை அதைச் சீக்கிரமே பதப்படுத்திவிட்டது. நெத்திலி ஒரு மூலை, சாளை ஒரு மூலை, சுறாத் துண்டம் கயிற்றில் என்று ஊர்க் கமிட்டி பிரித்துக் கொடுத்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கரண்டு போனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் அரிசியில் கல் பொறுக்கினார்கள், கிழவர்கள் சீட்டாடினார்கள், சிப்பிமுனைக் கருவாடு என்றால் வெளியூர்ச் சந்தையில் தனி மதிப்பு வந்தது. கடலில் வழி தப்பிய வள்ளங்கள் தூரத்தில் தெரிந்த அந்தத் துண்டுப் பகலைப் பார்த்துக் கரை பிடித்தன. அந்தப் பகல் வீட்டின்மேல் இல்லை, ரெஜினாளின் மேல்தான் இருக்கிறது என்பதும் தெரிய வந்தது, ஏனென்றால் அவள் சாயங்காலம் கோயிலுக்கு எழுந்து போனால் வெயிலும் கூடவே போனது. கமிட்டித் தலைவர் தல்மேதா தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"சாயங்காலத்துல நீ வீட்டோட இருந்துக்கயேன் ரெஜினா. நீ அங்கிட்டு இங்கிட்டுப் போனா மீனு ஒரு பக்கம் காயுது, ஒரு பக்கம் ஈரமா நிக்கிது. ஒன் துக்கம் எங்க துக்கந்தான். கஸ்பாரு இந்த ஊருக்கே புள்ள. நாங்க மறக்க மாட்டோம், நீயும் மறந்துராத."

மறக்க விடவும் இல்லை. வருஷா வருஷம் கஸ்பாரின் நினைவுப் பூசையை ஊர்ச் செலவில் பாண்டு வாத்தியத்தோடு வைத்தார்கள். ரெஜினாளின் முகம் கொஞ்சம் இளகினாற்போலத் தெரிந்தால் போதும், யாராவது ஒருத்தி கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி, "என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன் கயித்த அறுப்பானா, பாவி" என்று ஆரம்பித்துவிடுவாள். பிலேந்திரன் அவள் இருந்த தெற்குத் தெருப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அவனும் வரவில்லை. கடலை விட்டுவிட்டு ஊரின் வடகோடியில் ஒரு குடிசை போட்டு, உடைமரம் வெட்டிக் கரி சுட்டுப் பிழைத்தான். இப்படியும் ஒரு ஊர் நன்றாக வாழ்ந்தது.

ரெஜினாள்தான் பயந்துகொண்டே இருந்தாள். முதலில் வெயிலுக்குப் பயந்தாள், அப்புறம் வெயில் போய்விடுமோ என்று பயந்தாள். காரணம், முகப்புச் சுவரில் விழுந்த ஒரு நிழல். கடைசியாகக் கடலுக்குப் போகுமுன் கஸ்பார் துவைத்துக் கொடியில் போட்ட சட்டை வெகுநாள் அங்கேயே தொங்கியது. சூரியன் அசையாமல் நின்றதால் அதன் நிழலும் அசையாமல் சுவரில் நின்றது. ஒரு மழைக்கு முன்னால் அவள் சட்டையை எடுத்து மடித்து வைத்த பிறகும் நிழல் போகவில்லை. அகன்ற தோள், தொங்கும் கை. சுண்ணாம்பு அடித்தால் சுண்ணாம்புக்கு மேலே வந்தது. மகள் ஜெனோவி பேசப் பழகியதே அதனோடுதான். "அப்பா சாப்ட்டாச்சா" என்பாள், "அப்பா கொட்டாவி விடுதாவ" என்பாள். ரெஜினாளுக்கு உடம்பு புல்லரிக்கும், ஆனால் தடுக்க மாட்டாள். இருட்டினால் அந்த நிழல் போய்விடும், அவன் இரண்டாம் தடவையும் போய்விடுவான். அந்த வீட்டில் வேறு எதுவும் அவனைப் போல மிச்சமில்லை.

அந்தி சாய்ந்தபின் வேலியைத் தாண்ட விடாததால் ஜெனோவி ராத்திரியைப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் நிலாப் பாட்டுக்கு அவள் கையை எங்கே காட்டுவது என்று தெரியாமல் நிற்பாள். தூக்கம் அவளுக்குக் கோழி கொத்துவதைப் போலத் துண்டு துண்டாகத்தான் வந்தது. கறுப்புத் துணியைக் கட்டிவிட்டாலும், "கண்ண மூடுனாலும் செவப்பாத்தாம்மா தெரியிது" என்று எழுந்து உட்காருவாள். கொஞ்ச காலமாக அவள் உதட்டோரத்தில் உப்புப் பூத்தது. துடைத்தால் மறுபடியும் பூத்தது. தோல் மெல்லிசாகி விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் கொடுத்த டானிக் எல்லாம் வாய் வழியே போய் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கருவாட்டுப் பாய்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தவளைத் தூக்கிய ரெஜினாள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் எடையே இல்லை. ஒரு வாளைக் கருவாட்டைத் தூக்கினால் எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவுதான் இருந்தது, பிள்ளையின் தலையில் அதே வாடையும் அடித்தது. இந்த முற்றத்தில் போட்டது எல்லாம் காயும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அவளுக்கு மட்டும் அன்றுதான் உறைத்தது.

அந்த நேரமே பிள்ளையைச் செலஸ்தீன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். "எக்கா, ஒரு ராத்திரி இருட்டுல கெடக்கட்டும்க்கா, தூங்கிட்டான்னா பொழச்சிக்கிடுவா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் வெயிலையும் இழுத்துக்கொண்டு வேகவேகமாகத் திரும்பி வந்து வீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் செலஸ்தீன் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"வந்து பாரு. வந்து பாரு ரெஜினா. எங்க வீட்டுக்குள்ளயும் வந்திட்டு."

பிள்ளை பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி முறம்போல ஒரு சுளகு அகலத்துக்கு மஞ்சள் வெயில். பிள்ளை நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ரெஜினாளின் பெரிய வெயில் வாசலில் நிற்க, இந்தச் சின்ன வெயில் தனியாக, தன்போக்கில், புதுசாக அடித்தது.

"செபம் சொல்லும்போது இவ என்னமும் விட்டாளா?" என்று கேட்டாள் ரெஜினாள்.

"ஆமா. பரலோக மந்திரத்துல ஒரு எடத்துல வாயக் கெட்டியா மூடிக்கிட்டா. சொல்லுட்டின்னா, அத நாங்க சொல்ல மாட்டோம் பெரியம்மான்னுட்டா."

நாங்கள் என்றாளாம். பிள்ளைக்கு அந்த வரி என்னவென்றுகூடத் தெரியாது, அம்மா வாயை மூடும் இடத்தில் அவளும் மூடப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். கஸ்பாரின் பெட்டி ஆளில்லாமல் போனது, இவளைப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்து, வந்த நினைப்பை விரட்ட முடியாமல் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனாள்.

இஞ்ஞாசி சாமி இரண்டு வெயிலையும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் பாவசங்கீர்த்தனம் போலக் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள், விழுங்கிய வரியையும் சொன்னாள்.

"என் மனசு எறங்க மாட்டேங்குது சாமி. மனசில்லாம வாயால சொன்னா அது பொய்தான?"

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊர்ல நீ ஒருத்திதான் அந்த வரியோட கனம் தெரிஞ்சவ," என்றார். "நாங்கல்லாம் அத மெல்லாம முழுங்கிட்டோம். ஆனா ஒண்ணு கேட்டுக்க. ஆண்டவரு சிலுவையில தொங்கும்போது வலி நின்ன பெறகா மன்னிச்சாரு? ஆணி கையில இருக்கும்போதே சொன்னாரு. நீயும் வலியோடயே சொல்லு. அது பொய்யில்ல. மனசு மெதுவா பின்னால வரட்டும்."

"இவளுக்காவ சொல்லுதேன் சாமி. அவனுக்காவ இல்ல."

"அதுல இருந்தே ஆரம்பி" என்றார் சாமி.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. சாயங்கால மணி அடித்ததும் ரெஜினாள் சுவரில் இருந்த நிழல்முன் கொஞ்சம் நின்றாள். தொட்டுப் பார்த்தாள், சுவர் சுட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியைத் திறந்து வடக்கே நடந்தாள். பெரிய பகலும் சின்னப் பகலும் அவளோடு நடந்தன. பின்னால் முற்றம் ஒரே இருட்டாகி, "ஐயோ எங்க நெத்திலி!" என்று ஒரு குரல் கேட்டது. தெருவில் ஜெபமாலையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்கள் கையில் மணிமாலையோடு வாசலுக்கு வந்தார்கள், வெயில் அவர்கள் முகத்தில் அடித்து நகர்ந்தது. தல்மேதா வழியை மறித்தார்.

"எங்கட்டி போற? அந்தக் கரிக்காரன் வீட்டுக்கா? வெளிச்சம் போச்சின்னா நாளைக்கு வள்ளம் எப்பிடிக் கர புடிக்கும்? யோசிச்சியா?"

"கோயிலு முன்னால கம்பம் நட்டு வெளக்கப் போடுங்க மாமா. அதுக்கு எம் புள்ள எதுக்கு?"

அவர் பிள்ளையின் கையைப் பார்த்தார். ஈர்க்குச்சியைப் போல இருந்தது. விலகிக்கொண்டார்.

வடகோடிக் குடிசைக்குள் வெயில் நுழைந்ததும் பிலேந்திரன் எழுந்து, சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனான். கரி அப்பிய கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டான். "கொல்ல வந்தியாக்கா? கொல்லு" என்றான்.

"செபம் சொல்ல வந்தேன். முழந்தாள் போடு." அவள் குரல் அவளுக்கே கொடூரமாகக் கேட்டது. அவனைப் பார்த்ததும் பழைய கோபம் அப்படியே கொதித்துக்கொண்டு மேலே வந்தது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட இருந்தது.

மூவரும் முழந்தாள் போட்டார்கள். பரலோக மந்திரம் தொடங்கியது, அந்த இடம் வந்தது, சொன்னால் கஸ்பார் போய்விடுவான், சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடுவாள் என்று மனசு இரண்டு பக்கமும் இழுக்க, அவள் பிள்ளையின் விலாவைப் பார்த்தபடி திட்டுகிற குரலில் அந்த வரியைச் சொல்லிவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சூரியன் அப்படியே நின்றது. ஆனால் ஜெபமாலையில் ஒரு வசதி, பத்துப் பத்து மணியாக உருட்டி முடிந்ததும் அந்த மந்திரம் திரும்ப வரும், அந்த வரியும் திரும்ப வரும், ஒருமுறை சொல்லித் தப்பிக்க முடியாது. மறுபடி சொன்னாள், அழுதுகொண்டு. மறுபடி சொன்னாள், கயிற்றைப் பிடித்தபடி சாயும் வள்ளத்தில் நின்ற ஒரு விடலைப் பயலை, தான் சோறூட்டிய வாய் கடலைப் பார்த்து அலறுவதை, முதல் தடவையாக நினைத்துப் பார்த்தாள். சூரியன் பனையளவிலிருந்து இறங்கியது, உடைமரத்தளவு இறங்கியது, கடைசி மணி உருளும்போது தரையில் சிவப்பாக உட்கார்ந்தது, உள்ளே போகவில்லை.

ஜெபம் முடிந்தது. பழக்கம் பொல்லாதது. பிலேந்திரன் தன்னையறியாமல் கைகூப்பிக் குனிந்து, "தோத்திரம்க்கா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ரெஜினாளின் கை மடியிலேயே கிடந்தது. அதைத் தூக்குவது வள்ளத்தைத் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தூக்கினாள். கரியும் வியர்வையுமாகக் கிடந்த அந்த நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அவள் பகல் அந்த நொடியே அணைந்தது.

பிள்ளையின் சுளகு வெயில் மட்டும் குடிசைக்கு நடுவே அப்படியே நின்றது. ரெஜினாள் பதறிப்போனாள். "சொல்லு மக்கா, நீயும் சொல்லு, அம்மா சொல்லிட்டேன்ல" என்று பிள்ளையை உலுக்கினாள். ஜெனோவி அவளைப் பார்க்கவில்லை. மாமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் எங்கப்பாவ விட்டுட்டு வந்த மாமாவா?"

பிலேந்திரன் அக்காவைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். "ஆமா" என்றான்.

"எதுக்கு விட்டீங்க?"

"பயந்துட்டேன்." அத்தனை வருஷமும் வராத சொல் அது. "வள்ளம் சாஞ்சிது. கயித்த அறுக்காட்டா நானும் போயிருவேன். ரொம்பப் பயந்துட்டேம்மா."

பிள்ளை அதை யோசித்தாள். தன்னைச் சுற்றியிருந்த வெயிலைப் பார்த்தாள், வெயிலுக்கு வெளியே அம்மா உட்கார்ந்திருந்த கறுப்பைப் பார்த்தாள். அவள் உதடு பிதுங்கியது.

"எனக்கும் பயமா இருக்கு," என்றாள். "அங்க இருட்டா இருக்கு. நீங்க கையப் புடிச்சிக்கிடுதீங்களா மாமா?"

அவன் கயிற்றை அறுத்த கையை நீட்டினான். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு, தத்தித் தத்தி, அம்மா விழுங்கிய வரியைத் தானாகவே சொன்னாள், ஒரு வார்த்தை தப்பாகத்தான் சொன்னாள். சுளகு வெயில் போய்விட்டது.

கும்மிருட்டு. ஜெனோவி வீல் என்று ஒரு தடவை கத்தினாள். "இதுதான் மக்கா ராத்திரி" என்றாள் ரெஜினாள், சொல்லும்போது அவளுக்கே பல் தந்தியடித்தது. பிறகு பிள்ளையின் மூச்சு நீளமாக வரத் தொடங்கியது. கஸ்பாரின் நிழல் நின்ற சுவர் தெற்கே இருட்டில் கிடந்தது, அதை நினைத்து அவள் அழுதாள், எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மடியில் பிள்ளை கனத்தாள். கனக்கக் கனக்க ரெஜினாள் ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னாள்.

விடிந்து, தல்மேதாவும் நாலு பேரும் குடிசைக்கு வந்து எட்டிப் பார்த்தபோதும் பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். பிலேந்திரன் ராத்திரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிள்ளை பிடித்திருந்து மரத்துப்போன கையை எடுத்துக்கொள்ளச் சொல்லி ரெஜினாள் கண்ணைக் காட்டினாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.